ஒரு மணி நேர இயக்குநர்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே உள்ள குடுவை, குழாய், புட்டி அத்தனையையும் பதினோரு வருஷமாகக் கழுவுகிறவள் அவள். உடைத்தது மொத்தம் மூன்று. அதில் ஒன்று பூனை தள்ளியது.

கழுவுகிற வேலை என்றால் தேய்த்து அலசிக் கவிழ்ப்பதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. எதை எதால் கழுவுவது என்பதற்கு முறை உண்டு. எண்ணெய் சோதிக்கிற குடுவைக்கு ஒரு கரைசல். கிருமி சோதிக்கிற புட்டிக்குக் கொதிநீராவி. நீல மூடி போட்ட புட்டிகளுக்கு நீர்த்த அமிலம். நீல மூடிகள் பாஸ்பேட் சோதனைக்கானவை. அவற்றைச் சோப்பு இருக்கும் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சோப்பிலேயே பாஸ்பேட் இருக்கிறது. சோப்பு பட்ட புட்டியில் சுத்தமான தண்ணீரைப் பிடித்தாலும் சோதனையில் அது கெட்ட தண்ணீராகத்தான் தெரியும். அதனால் முதல் நாளே அமிலத்தில் ஊறப் போட்டு, காலையில் காய்ச்சி வடித்த நீரில் ஆறு முறை அலசி, கம்பித் தட்டில் கவிழ்த்துவிட்டு, பதிவேட்டில் தேதி, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷத்தில் நீல மூடியில் ஒரு பிசகு வந்தது கிடையாது.

ஆனால் அவள் அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்ததாக எந்தத் தாளிலும் இல்லை. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு நாள் அவளை நிறுத்திவிட்டு, மறுநாள் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படி அவளுக்கு இன்னும் ஒரு வருஷ அனுபவம்கூட ஆகவில்லை.

அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மூன்று முறை தலைமை அலுவலகம் போய்த் திரும்பியிருக்கிறது. முதல் முறை ஒரு பக்கம் குறைந்தது. இரண்டாம் முறை அந்தப் பக்கம் இரண்டு தடவை இருந்தது. மூன்றாம் முறை, பார்க்க வேண்டிய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார்.

வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் பெயின்ட் தெளிக்கிறவர். இருபது வருஷமாகத் தெளித்ததில் பாதி லாரி மேலும் பாதி அவர் நெஞ்சுக்குள்ளும் போயிருந்தது. "இருமினா போதும், இன்னிக்கு என்ன கலர் வண்டின்னு என் பொண்டாட்டி சொல்லிடுவா" என்று சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் அந்தப் பெயின்ட் குழாயைக் கையில் பிடித்தால் அதற்குப் பிறகு தன்னிடம் வர வேண்டிய அவசியம் இருக்காது என்றார். நிரந்தரமானால் குடும்பம் முழுவதற்கும் வைத்திய அட்டை கிடைக்கும். அவள் சம்பளத்திலேயே வீடு ஓடும். அவர் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடலாம். அவளுக்கு அந்தக் கோப்பு அவ்வளவுதான். மரியாதை, பதவி என்றெல்லாம் அவள் நினைத்ததில்லை.

புதிதாக வந்த இயக்குநர் நல்ல மனிதர். வந்த முதல் நாளே கழுவும் அறைக்கு வந்து வணக்கம் சொன்னார். அதற்கு முன்னால் இருந்த நாலு இயக்குநர்களுக்கும் அந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதே சந்தேகம். கோப்பைப் பற்றி அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சமத்துவ நாள் வருதில்லம்மா, அது முடியட்டும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றார்.

சமூகநீதி, சமத்துவ விழிப்புணர்வு நாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பிரிவுத் தலைவர் எல்லோரையும் நிற்க வைத்து அதைப் படித்தார்.

"கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு மணி நேரம் இயக்குநரின் நாற்காலியில் அமர்த்தப்பட வேண்டும். இயக்குநர் அந்நேரம் அந்த ஊழியரின் பணியைச் செய்ய வேண்டும். புகைப்படங்கள் அன்று மாலைக்குள் வந்து சேர வேண்டும். சிறந்த படத்துக்குப் பரிசு உண்டு."

"எல்லாரும் சமம்னு சொல்றதுக்கும் கடைசில ஒருத்தர் நிக்கணும் பாத்தீங்களா" என்றார் வேன்காரர். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறவர் அவர்; வாய் சும்மா இருக்காது.

"அந்த வாய வேன்லயே விட்டுட்டு வாய்யா" என்றார் பிரிவுத் தலைவர். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "கண்ணாடியக்கா, நீங்கதான்" என்றார்.

அன்று காலை அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். பிற்பகலில் வேன் உரத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அந்த ஆலை ஆற்றில் விடும் தண்ணீரைச் சோதிக்க நாற்பது நீல மூடிகள் வேண்டும். அவை அமிலத்தில் ஊறித் தொட்டியில் கிடந்தன. அலசுவதுதான் பாக்கி. இயக்குநர் கழுவுவதற்கென்று நாலு பெரிய குவளைகளைத் தனியாக எடுத்து, பக்கத்தில் சோப்புக் கரைசலும் தேய்க்கிற பஞ்சும் வைத்தாள். சாதாரணக் குவளைகள்; கீழே போட்டாலும் உடையாது.

பத்து மணிக்கு இயக்குநரின் நாற்காலியைக் கழுவும் அறைக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே படத்தில் விழ வேண்டுமாம். அவளை அதில் உட்கார வைத்தார்கள். சுழல்கிற நாற்காலி. அவள் கால் தரையில் எட்டவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. இயக்குநருக்குப் புது ஏப்ரன் வாங்கியிருந்தார்கள். தடித்த ரப்பர், நீர் ஒட்டாதது. நாலு வருஷமாக அவள் கேட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஏப்ரன்.

தலைமை அலுவலகத்துப் புகைப்படக்காரர் குவளைகளைப் பார்த்து முகம் சுளித்தார். "இது டல்லா இருக்கே சார். அந்தத் தொட்டில கிடக்குது பாருங்க, நீல மூடி. அது பளிச்சுன்னு இருக்கு. அதக் கழுவுங்க."

இயக்குநர் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியருகே போனார். அமிலத் தண்ணீரைத் திறந்துவிட்டு நல்ல தண்ணீர் பிடித்தார். அதுவரை சரிதான்.

"நுரை வேணும் சார். நுரை இல்லேன்னா கழுவற மாதிரியே தெரியாது."

இயக்குநர் சோப்புக் கரைசலை எடுத்தார்.

கண்ணாடியக்கா நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். "ஐயா, அது நீல மூடி. அதுல சோப்பு படக் கூடாது."

"உக்காரும்மா, எந்திரிச்சா தலை கட்டாகுது" என்றார் பிரிவுத் தலைவர்.

இயக்குநர் திரும்பி அன்பாகச் சிரித்தார். "இன்னிக்கு நீங்கதானே இயக்குநர்? ஆர்டர் போடுங்க, செய்யறேன்."

"அப்ப ஆர்டர் போடறேன். சோப்பத் தொடாதீங்க."

அறையே கைதட்டியது. "அக்கா கலக்கறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். புகைப்படக்காரருக்குக் கண் பளபளத்தது. "சூப்பர் சூப்பர். அதையே இன்னொரு தடவ சொல்லுங்கக்கா, வீடியோவா எடுத்துக்கறேன். விரல நீட்டி, கொஞ்சம் அதட்டற மாதிரி."

அவள் விரலை நீட்டினாள். "சோப்பத் தொடாதீங்கன்னு சொன்னேன்!" குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"என்னா நடிப்பு!" என்றார் புகைப்படக்காரர்.

இயக்குநர் பயந்தவர்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு, பாதிப் புட்டிச் சோப்பைத் தொட்டிக்குள் பீய்ச்சினார். நுரை பொங்கி அவர் முழங்கை வரை ஏறியது. நீல மூடிகள் அதில் மிதந்தன. படம் நன்றாகத்தான் வந்திருக்கும்.

கதவருகே சின்ன மேடம் நின்றிருந்தாள். வேதியியல் படித்துவிட்டு ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண். பாஸ்பேட் சோதனை அவள் பொறுப்பு. எல்லோரோடும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது. கண்ணாடியக்கா அவளைப் பார்த்தாள். சொல்லு, நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பாங்க. சின்ன மேடம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

இயக்குநர் நாற்பது புட்டிகளையும் மேலோடு அலசி, கம்பித் தட்டில் வரிசையாகக் கவிழ்த்தார். அதற்கு ஒரு படம். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வேன் கிளம்புவது மூன்று மணிக்கு. திரும்ப முழு நாள் ஊறப் போட நேரமில்லை. ஆனால் சூடான அமிலத்தில் இரண்டு மணி நேரம் போட்டால் சமாளித்துவிடலாம். முதல் முறை இல்லை. அவசரத்துக்கு முன்பு செய்திருக்கிறாள்.

ஆனால் அவளை விடவில்லை. அடுத்து விருந்து. மேடைபோல் போட்ட மேசையில் இயக்குநருக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம். பூங்கொத்து கொடுத்தார்கள். எழுந்தால், "நீங்க எழுந்தா எப்படி, இன்னிக்கு உங்க நாள்" என்று தோளைப் பிடித்து உட்கார்த்தினார்கள்.

"ஐயா, அந்தப் புட்டிங்கள மறுபடி ஊறப் போடணும்" என்று இயக்குநரின் காதோரம் சொன்னாள்.

"தாராளமா. முதல்ல சாப்பிடுங்க" என்றார் அவர்.

பிறகு அவர் பேசினார். அடித்தட்டு மக்களின் குரலை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நாற்பது நிமிஷம் பேசினார்.

அவள் கழுவும் அறைக்கு ஓடி வந்தபோது கம்பித் தட்டு காலியாக இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் சீக்கிரம் வரச் சொன்னார்களாம். தட்டில் கவிழ்த்து வைத்திருந்தால் தயார் என்றுதான் அந்தக் கூடத்தில் அர்த்தம். வேன்காரர் நாற்பதையும் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் சின்ன மேடத்தைத் தேடிப் பிடித்தாள். இருவருமாகப் பிரிவுத் தலைவரிடம் போனார்கள்.

"போன் போட்டுத் திரும்பச் சொல்லுங்க சார்" என்றாள் கண்ணாடியக்கா.

"ஆலைக்காரன், வருவாய்த்துறைக்காரன் எல்லாம் அங்க வந்து நிக்கறான். திரும்பி வந்தா காரணம் எழுதணும். என்னன்னு எழுதறது? சமத்துவ நாள்ல இயக்குநர் புட்டியக் கெடுத்துட்டாருன்னா?" பிரிவுத் தலைவர் சின்ன மேடத்தின் பக்கம் திரும்பினார். "நல்ல தண்ணி ஊத்தின புட்டி ஒண்ணு கூட வரும்ல? அதுல என்ன வருதோ அதக் கழிச்சிடு."

"ஒவ்வொரு புட்டிலயும் சோப்பு ஒவ்வொரு அளவு ஒட்டியிருக்கும் சார். அதக் கழிச்சா…"

"கழிச்சிடும்மா."

சின்ன மேடம் கழித்தாள். அந்தச் சோதனையில் பாஸ்பேட் எவ்வளவுக்கு இருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் நீலமாகும். நாற்பது குழாய்களும் பேனா மை போல நின்றன; கழித்த பிறகும் கணக்கு வரம்பைத் தாண்டியே இருந்தது. அறிக்கை போயிற்று. ஆலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த ஆலை வேறு எதில் யோக்கியமோ இல்லையோ, ஒன்றில் உஷாராக இருந்தது. அதே நேரம், அதே இடத்தில், தன் புட்டியிலும் தண்ணீர் பிடித்து முத்திரை வைத்திருந்தது. அதை வேறொரு கூடத்தில் சோதித்தார்கள். தண்ணீர் சுத்தம். ஒரு மாதத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்துவிட்டார்.

சமத்துவ நாள் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டியிருந்தார்கள். விசாரணை அதிகாரி அதன் கீழேதான் உட்கார்ந்து கேட்டார்: "அன்னிக்குப் புட்டிகளக் கழுவினது யாரு?"

அவர் தலைக்கு மேலே இயக்குநர் முழங்கை வரை நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் நிமிரவில்லை. சின்ன மேடத்தைக் கேட்டார். "நான் அப்ப தராசு ரூம்ல இருந்தேன் சார்" என்றாள். பாவம், அவளுக்கும் அந்த மாதம்தான் தகுதிகாண் காலம் முடிகிறது.

பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்தத் தேதியில் நீல மூடி நாற்பது என்று எழுதியிருந்தது. அது அவள் காலையிலேயே எழுதி வைத்தது. கையெழுத்து இடம் காலி.

"இது ஏன் காலியா இருக்கு?"

"விட்டுப் போயிருக்கும் சார். போடச் சொல்றேன்" என்றார் பிரிவுத் தலைவர்.

அன்று மாலை அவளை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் நிஜமாகவே வாடியிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. சோப்பு படக் கூடாதுன்னு யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"நான் சொன்னேன் ஐயா. ரெண்டு தடவ."

இயக்குநர் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்.

"அது நடிக்கறீங்கன்னு நெனச்சோம்" என்றார் பிரிவுத் தலைவர்.

அவரே விஷயத்தையும் சொன்னார். தினமும் போடுகிற கையெழுத்துதான். அன்றைக்கும் போட்டுவிட வேண்டும். கவனமாக இருக்கவும் என்று ஒரு சின்ன மெமோ வரும். அதோடு முடிந்தது. போடாவிட்டால் விசாரணை மேலே மேலே போகும். இயக்குநர் பெயர் அடிபடும். இயக்குநரே போய்விட்டால் மேசையில் இருக்கும் அவள் கோப்பில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டில் இதைக் கேட்டதும் மகள் கோபத்தில் துள்ளினாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறவள். நாக்கு அப்பாவுடையது, கோபம் யாருடையது என்று தெரியவில்லை. "நீ கழுவலதானே? அப்புறம் எதுக்கும்மா போடணும்? அந்தாளு கழுவற போட்டோவே செவுத்துல தொங்குது. வேற சாட்சி என்ன, வானத்துலேருந்து வருமா?"

"அந்தப் படத்துக்கு ப்ரைஸ் குடுத்தவங்களே அதப் பாக்க மாட்டேங்கறாங்க."

"பதினோரு வருஷமா ஒரு தப்புக் கிடையாதுன்னு எங்ககிட்ட பீத்திக்குவியே. இப்ப உன் கையாலயே எழுதிக் குடுக்கப் போறியா?"

வீட்டுக்காரர் சுவரில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும். "அவ சொல்றது சரிதான்" என்றார். "எனக்காக ஒண்ணும் போட வேணாம். நான் என்ன இன்னிக்கே…" மீதியை இருமல் எடுத்துக்கொண்டது. அன்று பச்சை லாரி.

விடிகிறவரை அவள் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறு சத்தம்.

மறுநாள் இயக்குநர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். "போடறேன் ஐயா. ஆனா முதல்ல நீங்க என் கோப்புல போடணும். என் கண்ணு முன்னால அது கிளம்பணும்."

"என்னம்மா இது, பேரம் பேசற?" என்றார் பிரிவுத் தலைவர்.

"பேரம்தான் சார்."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். பரிந்துரைக்கிறேன் என்று தன் கையாலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல வரிகள். பதினோரு ஆண்டு அப்பழுக்கற்ற சேவை என்று இருந்தது. அவள் கோப்போடு கூடவே தபால் பிரிவுக்குப் போனாள். எண் போட்டு, உறையில் வைத்து, முத்திரை குத்துகிறவரை நின்றாள். பிறகு திரும்பி வந்து பதிவேட்டை வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். மற்ற நாள் கையெழுத்துகளைவிட அது கொஞ்சம் அழகாகவே விழுந்தது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டாள். "உத்தரவு கைக்கு வரட்டுமே" என்றார் அவர். "இயக்குநர் கையெழுத்த நான் பாத்தேன். முத்திரை குத்தினதப் பாத்தேன். இதுக்கு மேல என்ன வரணும்? ஒரு நாள் முன்னால நிறுத்தினா ஒரு நாள் லாபம்" என்றாள்.

அவர் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். ஐந்தாம் நாள் மகளின் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தார். மடிப்பு மூன்று இடத்தில் விழுந்து, மகள் சண்டை பிடித்தாள். பத்தாம் நாள் இரவு ஒரு தலையணையைத் தூக்கி ஓரமாகப் போட்டார். "நிறம் தெரியாம இருமறது போரடிக்குது" என்றார். மூன்று பேரும் அதற்குச் சிரித்தார்கள். அந்த வீட்டில் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

இருபத்திரண்டாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்பட்டவர் என்பதால் மூன்று ஆண்டுகளுக்குப் பரிசீலிக்க இயலாது. மெமோவின் நகலை அதோடு கோத்திருந்தார்கள்.

பிரிவுத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். "மெமோ இருந்தா கூடாதுன்னு ஒரு விதி இருக்காம். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவர் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. யாரும் அவளுக்குக் கெடுதல் செய்ய நினைத்திருக்கவில்லை. அவளைப் பற்றி அவ்வளவு தூரம் யாரும் நினைக்கவே இல்லை.

இயக்குநர் வராந்தாவில் எதிரே வந்தார். தலையை அசைத்து, "மூணு வருஷம்தானேம்மா, ஓடிடும்" என்றார்.

"ஓடிடும் ஐயா" என்றாள்.

கழுவும் அறைக்குச் சின்ன மேடம் வந்தாள். அவளுக்கு வேலை உறுதியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நின்று அழுதாள். "நான் உண்மையச் சொல்லியிருக்கணும்க்கா. தராசு ரூம்ல இருந்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

"பொய்யெல்லாம் இல்ல மேடம். தராசு ரூம் கதவுலேருந்து பாத்தா தொட்டி தெரியாதுதான். நீங்க நின்னது வேற கதவு, அவ்வளவுதான்."

"அக்கா, நான் வேணா இப்ப எழுதிக் குடுக்கவா?"

கண்ணாடியக்கா அவளைப் பார்த்தாள். எழுதிக் கொடுப்பாளா? கொடுத்தாலும் கொடுப்பாள், இன்று அழுகிறாள், நாளைக்கு அழுகை நின்றுவிடும். எழுதினாலும், பதிவேட்டில் தன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

"நகருங்க மேடம், அமிலம் தெறிக்கும்" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையில் மகளின் பையும் ஊசி நூலும் இருந்தன, வார் அறுந்திருந்தது. கேட்காமலே தெரிந்துகொண்டார்.

"எத்தன வருஷம்?"

"மூணு."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "டாக்டர் ஒண்ணுதானே சொன்னாரு. ரெண்டு குறையுதே. கடன் குடுப்பாங்களா கேட்டியா?"

மகள் புத்தகத்தைத் தரையில் அறைந்துவிட்டு வெளியே போனாள். போடாதே என்று முதலில் சொன்னது அவள்தான். போடாமல் இருந்திருந்தாலும் கோப்பு மேசையிலேயே கிடந்திருக்கும். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் இந்த அறையில் இந்த நேரத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொய்க் கையெழுத்துதான் மிச்சம்.

"என்னங்க, வேற வேலை பாக்கலாம். காவல் வேலை, கடை வேலை…"

"ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்கறவனக் காவலுக்கு வச்சா திருடன்தான் எனக்குத் தண்ணி குடுக்கணும்." பையின் வாரை இழுத்துப் பார்த்தார். தையல் தாங்கியது. "நான் படிச்சது அந்த ஒரு குழாய்தான். விடு."

காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பினார். அவளும் கூடப் போனாள். முதலாளி வேறு ஆளைப் போட்டிருந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போயிருந்தேன் என்று சொல்லலாம் என்றாள் அவள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்றார் அவர். உடம்பு சரியில்லாதவனை யார் சேர்ப்பார்கள்?

எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "வாய்யா வா, நல்ல நேரத்துல வந்த" என்றார். "புதுசா வந்தவன் ரெண்டு வாரத்துல ஓடிட்டான். நெஞ்சு எரியுதாம். டேங்கர் ரெண்டு நிக்குது. வெள்ளை, ரெண்டு பூச்சு."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் திரும்பி, நேரமாகிறது, நீ போ என்று கையைக் காட்டினார். அவள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பெயின்ட் குழாய்க்குக் காற்றடைக்கும் எந்திரம் உறுமி ஓடத் தொடங்கியது. அதுவரை நின்றுவிட்டு, அவள் பேருந்துக்கு நடந்தாள்.